பெட்டி ஒரு கணக்கு, தண்டவாளம் இன்னொரு கணக்கு

பிரிட்டனில் அதிகம் விற்கும் மாதிரி ரயில் வகைக்கு டபுள்-ஓ என்று பெயர். அதில் ஒரு பெட்டியை எடுத்து அளந்து பாருங்கள். நீளம், அகலம், உயரம் எல்லாமே நிஜப் பெட்டியில் 76ல் ஒரு பங்காக இருக்கும். அது ஓடும் தண்டவாளத்தின் அகலம் 16.5 மில்லிமீட்டர். இதை 76.2ஆல் பெருக்கினால் 1,257 மி.மீ. வருகிறது. பிரிட்டனின் நிஜத் தண்டவாளமோ 1,435 மி.மீ. அகலம். கிட்டத்தட்ட 18 சென்டிமீட்டர் குறைகிறது.

இப்போது ஜப்பானுக்குப் போவோம். அங்கே மாதிரி ரயில் ஓட்டும் பெரும்பாலான வீடுகளில் இருப்பது ‘என் கேஜ்’ (N) என்ற சின்ன வகை. பெட்டிகள் 150ல் ஒரு பங்கு, தண்டவாளம் 9 மி.மீ. பெருக்கினால் 1,350. ஆனால் ஜப்பானின் சாதாரண ரயில் பாதையின் நிஜ அகலம் 1,067 மி.மீ.தான். இங்கே 28 சென்டிமீட்டர் கூடிப்போயிருக்கிறது.

உலகத்திலேயே ரயில்மீது அதிகப் பிரியம் கொண்டவர்கள் என்று யாரைச் சொல்வீர்கள் என்று கேட்டால் நான் இந்த இரண்டு நாட்டுக்காரர்களையும்தான் சொல்வேன். கதவுக் கைப்பிடி எந்த ஆண்டு மாறியது என்றுகூடத் தெரிந்து வைத்திருக்கும் மனிதர்கள். அவர்கள் வாங்கி ஓட்டும் ரயில்களில் தண்டவாளமே தப்பு. ஒரு நாட்டில் குறுகல், இன்னொரு நாட்டில் அகலம். கவனக்குறைவால் வந்த தவறு இல்லை இது. இரண்டு நாடுகளின் நிஜ ரயில்வே எப்படிப் பிறந்து எப்படி வளர்ந்தது என்பது அந்தச் சில மில்லிமீட்டர்களில் பதிவாகியிருக்கிறது. மாதிரி ரயிலை விளையாட்டுப் பொருளாக மட்டும் பார்ப்பவர்களிடம் நான் எப்போதும் எடுத்துச் சொல்ல நினைப்பது இந்தக் கணக்கைத்தான்.

பிரிட்டன் ரயிலுக்கு முன்னோடி. 1825ல் ஸ்டாக்டன்–டார்லிங்டன், 1830ல் லிவர்பூல்–மான்செஸ்டர். முதலில் செய்தவருக்குப் பெருமை கிடைக்கும், கூடவே ஒரு சுமையும் வரும். பார்த்துக் கற்றுக்கொள்ள அவருக்கு முன்னால் யாரும் இல்லை. அந்தக் காலத்துப் பெட்டி என்பது குதிரை வண்டியின் உடலை இரும்புச் சக்கரங்கள்மேல் வைத்த மாதிரிதான் இருந்தது. அதற்கு எவ்வளவு இடம் வேண்டுமோ அவ்வளவுக்குத்தான் பாலங்களைக் கட்டினார்கள், மலைகளைக் குடைந்தார்கள், பிளாட்பாரங்களை அமைத்தார்கள். தனித்தனி கம்பெனிகள், தனித்தனி முதலீடு. தேவைக்கு மேல் ஓர் அடி அகலமாகச் சுரங்கம் வெட்ட எந்தப் பங்குதாரர் பணம் தருவார்?

ஒரே ஒருவர் பெரிதாக யோசித்தார். கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேயின் இசம்பார்ட் கிங்டம் புரூனெல். அவர் போட்ட தண்டவாளம் ஏழடி அகலம், 2,140 மி.மீ. வேகமும் வந்தது, ஆட்டமும் குறைந்தது. ஆனால் மற்ற கம்பெனிகள் எல்லாம் 1,435லேயே நாட்டை நிரப்பிவிட்டன. 1846ல் நாடாளுமன்றமே சட்டம் போட்டு 1,435ஐ பொது அளவாக்கியது. புரூனெலின் அகலப் பாதை கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கி 1892 மே மாதம் முற்றிலும் மறைந்தது. ரயில் வரலாற்றில் என்னை அதிகம் வருந்த வைக்கும் தோல்வி அது.

பின்னால் வந்த ஐரோப்பிய நாடுகள் அதே 1,435 அகலத்தில் தண்டவாளம் போட்டாலும், சுற்றிலும் தாராளமாக இடம் விட்டன. அதனால் ஜெர்மனியிலோ பிரான்ஸிலோ ஓடும் வண்டிக்குப் பக்கத்தில் பிரிட்டிஷ் வண்டி மெலிந்தும் குள்ளமாகவும் தெரியும். தண்டவாளம் ஒன்றுதான், அதன்மேல் நிற்கும் உடம்பு வேறு. சரக்கு வண்டியிலிருந்து மாடிப் பெட்டிவரை பிரிட்டன் இன்றும் அனுபவிக்கும் பல கட்டுப்பாடுகளுக்கு இதுதான் காரணம். 1994ல் யூரோஸ்டார் லண்டனுக்கு வந்தபோதுகூட, பிரான்ஸின் அதிவேக ரயிலை அப்படியே கொண்டுவர முடியவில்லை. உடம்பை ஒடுக்கித்தான் செய்ய வேண்டியிருந்தது.

மாதிரி ரயிலின் சிக்கல் இங்கிருந்துதான் தொடங்குகிறது. 1920களில், சாப்பாட்டு மேசைமேல் ஓட்டக்கூடிய அளவுக்குச் சின்ன ரயில்கள் வரத் தொடங்கின. 1922ல் பாஸெட்-லோக் நிறுவனம் ஜெர்மனியின் பிங் கம்பெனியில் செய்வித்து விற்ற மேசை ரயில் அவற்றில் முக்கியமானது. ஐரோப்பாவில் 16.5 மி.மீ. தண்டவாளத்துக்கு 87ல் ஒரு பங்கு என்ற அளவு சரியாகப் பொருந்தியது. அதுதான் ஹெச்-ஓ. 16.5ஐ 87ஆல் பெருக்கினால் 1,435 வந்துவிடும். ஆனால் பிரிட்டிஷ் என்ஜினை அதே அளவில் சுருக்கினால், உள்ளே வைக்க மோட்டாருக்கு இடம் இல்லை. நிஜ என்ஜினே ஒல்லி. அன்றைய மோட்டாரும் சாவி கொடுக்கும் எந்திரமும் பெரியவை. அப்புறம் சக்கரங்களின் தடிமன் வேறு. சக்கரத்துக்கு வெளியே சிலிண்டரும் அதன் இணைப்புக் கம்பிகளும் இருக்கும் என்ஜின்களில் ஒன்றோடு ஒன்று இடிக்கும்.

அதற்கு மாதிரி ரயில் செய்தவர்கள் கண்டுபிடித்த வழி எளியது. தண்டவாளம் அப்படியே இருக்கட்டும், மேலே இருக்கும் உடம்பை மட்டும் கொஞ்சம் பெரிதாக்குவோம் என்றார்கள். அடிக்கு 4 மி.மீ. என்ற கணக்கு அப்படி வந்தது. 1938ல் லிவர்பூலின் மெக்கானோ கம்பெனி ஹார்ன்பி டப்ளோ என்ற பெயரில் இந்த அளவில் ரயில்களைக் கொண்டுவந்தபோது அது நாடு முழுவதும் நிலைத்துவிட்டது. அந்த முதல் தொகுப்பில் இருந்த பெரிய என்ஜின் சர் நைஜல் கிரெஸ்லி வடிவமைத்த ஏ4 வகை. அதே 1938, ஜூலை 3ஆம் தேதிதான் நிஜ ஏ4 என்ஜின்களில் ஒன்றான மல்லார்ட் மணிக்கு 126 மைல், அதாவது 203 கி.மீ. வேகத்தைத் தொட்டது. நீராவி என்ஜின் வேகத்தில் அந்தச் சாதனைதான் இன்றும் நிற்கிறது.

மோட்டார்கள் சிறியதாகி எத்தனையோ காலமாகிவிட்டது. இன்று பிரிட்டிஷ் ரயிலை 87ல் ஒரு பங்காகச் செய்ய எந்தத் தடையும் இல்லை. ஆனால் எண்பது ஆண்டுகளுக்கு மேலாக வீடுகளில் சேர்ந்துவிட்ட என்ஜின்கள், பெட்டிகள், கட்டடங்கள் எல்லாவற்றையும் தூக்கிப் போட முடியுமா? 1846ல் புரூனெலின் பாதைக்கு எதிராக எந்த வாதம் வென்றதோ, அதே வாதம் மேசைமேலும் வென்றுவிட்டது: ஏற்கனவே நிறையப் போட்டாகிவிட்டது.

இதை ஏற்றுக்கொள்ளாத சிலர் எப்போதும் இருக்கிறார்கள். அவர்களை எனக்கு மிகவும் பிடிக்கும். தண்டவாளத்தை 18.2 மி.மீ. ஆக்கி ஓட்டுபவர்கள் ஒரு கூட்டம். 1435ஐ 76.2ஆல் வகுத்தால் வரும் 18.83 மி.மீ.யைத் துல்லியமாகப் பிடித்துக்கொண்டவர்கள் இன்னொரு கூட்டம். கடையில் வாங்கிய என்ஜினைக் கழற்றி, அச்சை மாற்றி, புதுச் சக்கரம் போட்டு, தண்டவாளத்துக்கு அடியில் வரும் குறுக்குக் கட்டைகளை ஒவ்வொன்றாக ஒட்டித் தண்டவாளத்தைத் தாங்களே செய்வார்கள். தடங்கள் ஒன்றையொன்று வெட்டும் ஒரு கிராஸிங் செய்யவே பல மாலைகள் போய்விடும். முன்பக்கத்திலிருந்து பார்த்தால் தெரியும் அந்த வித்தியாசம். டபுள்-ஓ என்ஜின் கால்களை ஒடுக்கி நிற்பதுபோல் இருக்கும், இவர்களுடையது தரையில் ஊன்றி நிற்கும். அகலத்தோடு பிரச்சினை முடிவதும் இல்லை. பிரிட்டனின் தண்டவாளக் கம்பெனியான பெக்கோ வெகுகாலமாக விற்றுவந்த டபுள்-ஓ தண்டவாளத்தில் கட்டைகளின் அளவும் இடைவெளியும் ஹெச்-ஓ கணக்கில்தான் இருந்தன. கண் பழகிவிட்டால் அது உறுத்திக்கொண்டே இருக்கும்.

ஜப்பானின் கதை பிரிட்டனிலிருந்தே கிளம்புகிறது. 1872 அக்டோபர் 14ஆம் தேதி டோக்கியோவின் ஷிம்பாஷியிலிருந்து யோகோஹாமாவுக்கு 29 கி.மீ. பாதையை மெய்ஜி பேரரசர் திறந்துவைத்தார். தலைமைப் பொறியாளர் எட்மண்ட் மோரல் என்ற ஆங்கிலேயர். பாதை திறப்பதற்கு முந்தைய ஆண்டே காசநோயால் இறந்துபோனார். வயது முப்பதைத்தான் தாண்டியிருந்தது. என்ஜின்கள், பெட்டிகள், சிக்னல்கள் எல்லாம் பிரிட்டனிலிருந்து கப்பலில் வந்தவை. ஜப்பானின் 1ஆம் எண் என்ஜின் வல்கன் ஃபவுண்டரியில் 1871ல் செய்தது, இப்போது சைத்தாமாவில் ஓமியாவின் ரயில்வே அருங்காட்சியகத்தில் நிற்கிறது. நம் பக்கத்திலும் 1853ல் பம்பாயிலிருந்து தாணேவுக்கு ஓடிய முதல் பயணிகள் ரயிலின் என்ஜின்கள் அதே பட்டறையிலிருந்து வந்தவைதான். நீராவி என்ஜினின் தொடக்க கால முன்னோடியான ரிச்சர்ட் டிரெவிதிக்கின் பேரன் ஜப்பானின் கோபே பட்டறையில் வேலை பார்த்தார். ஜப்பான் மண்ணிலேயே செய்த முதல் என்ஜின் அவர் மேற்பார்வையில் 1893ல் வெளியே வந்தது.

இடதுபுறமாக ஓடும் வழக்கம், கைகாட்டி சிக்னல், ஒற்றைப் பாதையில் எதிரும் புதிருமாக ரயில்கள் மோதாமல் இருக்க அனுமதிச் சீட்டுபோல டிரைவரிடம் கொடுக்கும் டேப்லெட் என்ற வில்லை எல்லாம் பிரிட்டிஷ் முறை. இலங்கையின் மலையக ரயிலில் போனவர்கள் அந்த வில்லை வைத்த வளையத்தை ஓடும் வண்டியிலிருந்து மாற்றிக்கொள்வதைப் பார்த்திருப்பார்கள், அதே ஏற்பாடுதான். பாதையின் அகலம் மட்டும் பிரிட்டனுடையது இல்லை. மலை நாடு, கையில் பணம் குறைவு, வளைவுகள் அதிகம் என்று 1,067 மி.மீ. தேர்ந்தெடுத்தார்கள். புதிய நிலங்களில் சிக்கனமாகப் பாதை போட அந்தக் காலத்தில் பரிந்துரைக்கப்பட்ட அகலம் அது.

சில பத்தாண்டுகளிலேயே அது போதவில்லை. 1910களில் அகலத்தை 1,435க்கு மாற்ற வேண்டும் என்று ஒரு பெரிய இயக்கமே நடந்தது. அரசியலில் கோதோ ஷின்பெய், பொறியியலில் ஷிமா யசுஜிரோ. 1917ல் யோகோஹாமா பாதையில் சோதனைகூட நடத்தி, மாற்ற முடியும் என்று காட்டினார்கள். ஆனால் 1918ல் ஆட்சிக்கு வந்த ஹாரா தகாஷியின் அரசு இருக்கும் பாதையை அகலப்படுத்துவதைவிட ரயில் இல்லாத ஊர்களுக்குப் புதுப் பாதை போடுவது மேல் என்று முடிவெடுத்தது. ஓட்டு வாங்கித் தரும் முடிவுதான், இருந்தாலும் அது முழுக்கத் தப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை. ரயிலே பார்க்காத மலையூர்க்காரருக்குத் தண்டவாளம் 1,067 ஆனால் என்ன, 1,435 ஆனால் என்ன?

அகலத்தை மாற்ற முடியாத பொறியாளர்கள் வேறு வழியில் இறங்கினார்கள். பெட்டியைப் பெரிதாக்கினார்கள். சின்ன முக்காலிமேல் பெரிய அண்டாவை ஏற்றிவைத்த மாதிரி. ஜப்பானின் குறும்பாதையில் ஒரு பெட்டி 3 மீட்டர் அகலம்வரை இருக்கலாம். இன்று டோக்கியோவில் ஓடும் இ233 வகைப் புறநகர் ரயிலின் அகலம் 2.95 மீட்டர். அதன் தண்டவாளத்தைவிட 37 சென்டிமீட்டர் அகலமான தண்டவாளத்தில் ஓடும், பிரிட்டனின் ‘வகுப்பு 800’ என்ற புதிய ரயிலின் அகலமோ ஏறத்தாழ 2.7 மீட்டர்தான். அகலமான தண்டவாளத்தில் ஒல்லி வண்டி, குறுகிய தண்டவாளத்தில் பருத்த வண்டி. மேலே சொன்ன மாதிரி ரயில் கணக்கு ஏன் எதிரெதிராகப் போகிறது என்பதற்கு இந்த ஒரு வரி போதும்.

1,067 மி.மீ. பாதையில் ஜப்பானியர்கள் செய்து காட்டியதைக் குறைத்து மதிப்பிட முடியாது. 1954 டிசம்பரில் சி62 வகை 17ஆம் எண் என்ஜின் மணிக்கு 129 கி.மீ. போனது. குறும்பாதை நீராவி என்ஜின்களில் சாதனை. மல்லார்டின் 203ஐ பார்த்துவிட்டு இதைச் சின்ன எண் என்று நினைப்பவர்கள், கால்கள் எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன என்பதையும் பார்க்க வேண்டும். அந்த என்ஜின் நகோயாவின் ரயில் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1957ல் ஒதாக்யூ ரயில்வேயின் மின்ரயில் ஒன்று 145 கி.மீ. தொட்டு, குறும்பாதையில் உலகச் சாதனை படைத்தது.

சி62ஐயும் அதற்கு முன்னால் ஆயிரத்துக்கும் மேல் செய்யப்பட்ட டி51 சரக்கு என்ஜினையும் வடிவமைத்த குழுவின் தலைவர் ஷிமா ஹிதியோ. அகலப் பாதைக்காகப் போராடித் தோற்ற யசுஜிரோவின் மகன். 1955ல் ஜப்பான் தேசிய ரயில்வேயின் தலைவரான சோகோ ஷின்ஜி, வேலையை விட்டுப் போயிருந்த ஹிதியோவைத் திரும்ப அழைத்து, டோக்கியோ–ஒசாகாவுக்கு 1,435 மி.மீ. அகலத்தில் முற்றிலும் புதிய பாதை போடச் சொன்னார். உலக வங்கி 8 கோடி டாலர் கடன் கொடுத்தது. செலவு போட்ட திட்டத்தைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கானது. அதற்குப் பொறுப்பேற்று 1963ல் இருவருமே விலகினார்கள். 1964 அக்டோபர் 1ஆம் தேதி ஷின்கன்சென் என்ற அந்த அதிவேக ரயில் மணிக்கு 210 கி.மீ. வேகத்தில் ஓடத் தொடங்கியது. தந்தை கேட்டது மகன் காலத்தில் கிடைத்தது. ஆனால் அதுவும் தனிப் பாதையாக, பழைய வலையமைப்போடு சேராமல்.

புதுப் பாதை என்பதால் இங்கே எந்தப் பழைய சுரங்கத்துக்கும் அடங்கிப்போக வேண்டியதில்லை. பெட்டியின் அகலம் 3.38 மீட்டர், ஒரு வரிசையில் ஐந்து இருக்கைகள். முதல் தலைமுறையான 0 வரிசையின் முகப்புப் பெட்டி ஒன்றை மேற்கு ஜப்பான் ரயில்வே 2001ல் பிரிட்டனுக்கு அன்பளிப்பாகக் கொடுத்தது. அது யார்க் நகரின் தேசிய ரயில்வே அருங்காட்சியகத்தில், மல்லார்ட் இருக்கும் அதே இடத்தில் இருக்கிறது. இரண்டும் ஒரே தண்டவாள அகலத்துக்காகச் செய்தவை. ஷின்கன்சென் பெட்டியைச் சுற்றி வந்தால் ‘இது இந்த நாட்டுப் பாதையில் எந்த பிளாட்பாரத்தையும் கடக்க முடியாது’ என்பது சொல்லாமலே புரியும்.

ஜப்பானின் பழைய பாதை பெரும்பாலும் 1,067. மாதிரி ரயில் செய்யத் தொடங்கியவர்களுக்கு உலகச் சந்தையில் கிடைத்த தண்டவாளமோ 16.5 மி.மீ. எனவே பெட்டியை 80ல் ஒரு பங்காகச் செய்து அதன்மேல் வைத்தார்கள். பெருக்கினால் 1,320. நிஜத்தைவிட 25 சென்டிமீட்டர் அகலம். உடம்பு பருத்தது என்பதால் மோட்டாருக்கு இடப் பிரச்சினை இல்லை. ஆனால் 1,067ஐச் சரியாகக் காட்ட வேண்டும் என்றால் தனித் தண்டவாளம், தனிச் சக்கரம், தனிச் சந்தை எல்லாம் வேண்டும். பின்னால் 12 மி.மீ., 13 மி.மீ. தண்டவாளத்தில் சரியான கணக்கோடு ஓட்டும் சிறு குழுக்கள் அங்கேயும் உருவாயின, பிரிட்டனின் 18.83 ஆட்களைப் போலவே. செலவும் பொறுமையும் அதிகம் கேட்கும் பாதை அது. பித்தளையில் கையால் செய்த என்ஜின்களின் விலை ஒரு மோட்டார்சைக்கிளையே எட்டிவிடும்.

பெரும்பான்மை என் கேஜுக்குப் போனது. 1965ல் கட்டோ கம்பெனி சி50 என்ஜினையும் சில பழைய பெட்டிகளையும் 9 மி.மீ. தண்டவாளத்தில் கொண்டுவந்தது. 1976ல் டொமி கம்பெனி டொமிக்ஸ் என்ற பெயரில் இறங்கியது. குறும்பாதை வண்டிகளுக்கு 150ல் ஒரு பங்கு, ஷின்கன்செனுக்கு 160ல் ஒரு பங்கு என்று இரண்டு அளவுகள் நிலைத்தன. 9ஐ 160ஆல் பெருக்கினால் 1,440. ஷின்கன்சென் மாதிரியில் மட்டும் தண்டவாளம் கிட்டத்தட்ட துல்லியம். அகலப் பாதைக்காக இரண்டு தலைமுறை போராடிக் கிடைத்த ஒரே ரயில்தான் மேசைமேலும் சரியான பாதையில் ஓடுகிறது என்பதை நினைக்கும்போது எனக்கு ஒரு நெகிழ்ச்சி வரும்.

இன்னொரு விஷயத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும்: பெட்டிகளை ஒன்றோடொன்று கோக்கும் கப்ளிங். பிரிட்டனிலிருந்து வந்த ஜப்பானியப் பெட்டிகளில் பக்கத்துக்கு ஒரு பஃபரும் (இடி தாங்கி) நடுவில் சங்கிலிக் கொக்கியும் இருந்தன. இரண்டு பெட்டிகளுக்கு நடுவே ஆள் புகுந்து மாட்ட வேண்டும், உயிருக்கு ஆபத்தான வேலை. ஜப்பான் பல ஆண்டுகள் திட்டமிட்டு, மாற்றுக் கருவிகளை முன்கூட்டியே வண்டிகளில் ஏற்றிவைத்து, 1925 ஜூலை 17ஆம் தேதி ஹோன்ஷு தீவு முழுக்க ஒரே நாளில் தானியங்கி கப்ளிங்குக்கு மாறியது. மூன்று நாள் கழித்து கியூஷு. பிரிட்டன் கொக்கியையும் சங்கிலியையும் அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் வைத்திருந்தது. மாதிரிகளில் இன்றும் அது தெரிகிறது. பிரிட்டிஷ் கண்காட்சிகளில் ஒருவர் குச்சி முனையில் வளைந்த கம்பியை வைத்துக்கொண்டு, சின்ன விளக்கொளியில் மூன்று வளையச் சங்கிலியைக் கொக்கியில் மாட்டிக்கொண்டிருப்பார். ஜப்பானிய மாதிரியில் தள்ளினால் தானே கோத்துக்கொள்ளும்.

அந்தக் குச்சிக்காரரைப் பார்த்தாலே பிரிட்டிஷ் பாணி புரிந்துவிடும். அங்கே மாதிரி ரயில் என்றால் பெரும்பாலும் ஓர் இடம், ஒரு காலம். கிளைப் பாதையின் கடைசி ஸ்டேஷன், ஒரு சின்ன என்ஜின், இரண்டு பெட்டி, பால் கேன் ஏற்றும் ஒரு வேன், 1930களின் ஒரு கோடை நாள். ரயில் ஒரு பாலத்துக்கு அடியில் போய் மறைந்துவிடும். அதற்கு அப்பால் பார்வையாளர் கண்ணுக்குத் தெரியாத ஒரு யார்டு, அங்கே கையால் வண்டிகளை மாற்றி அடுத்த ரயிலைத் தயார் செய்வார்கள். வீட்டின் ஒரு சுவரோரப் பலகையில் இத்தனையும் அடங்கிவிடும். 1957ல் மாதிரி ரயில் பத்திரிகை ஆசிரியர் சிரில் ஃப்ரீசர் வரைந்த மைனரீஸ் என்ற நகர முனையத் திட்டம் இரண்டு மடக்குப் பலகைகளுக்குள் பரபரப்பான ஒரு ஸ்டேஷனையே கொண்டுவந்தது. இன்றும் அதைப் பின்பற்றிக் கட்டுகிறார்கள்.

இந்தப் பழங்கால ஈர்ப்புக்குப் பின்னால் ஒரு காயம் இருக்கிறது. 1963ல் பிரிட்டிஷ் ரயில்வேயின் தலைவர் ரிச்சர்ட் பீச்சிங்கின் அறிக்கை 2,363 ஸ்டேஷன்களையும் சுமார் 5,000 மைல் பாதையையும் மூடப் பரிந்துரைத்தது. அடுத்த சில ஆண்டுகளில் ஊர் ஊராகத் தண்டவாளத்தைப் பிடுங்கினார்கள். 1968 ஆகஸ்டோடு முக்கியப் பாதைகளில் நீராவியும் முடிந்தது. தன் ஊர் ஸ்டேஷனை மறுபடி பார்க்க வேண்டும் என்றால் அதைத் தானே செய்துகொள்வதுதான் ஒரே வழி என்ற நிலை பலருக்கு. ஆக்ஸ்ஃபர்டுஷயரின் லாங் விட்டன்ஹாம் கிராமத்தில் இருக்கும் பென்டன் அருங்காட்சியகம் அந்த மனநிலையின் உச்சம். 1930களின் வைட் ஹார்ஸ் பள்ளத்தாக்கை, வேய்ந்த கூரை முதல் தோட்டத்துக் கீரைப் பாத்திவரை, 76ல் ஒரு பங்காகத் தலைமுறை தலைமுறையாகச் செய்துகொண்டிருக்கிறார்கள். அதைத் தொடங்கிய ராய் இங்லண்ட் என்பவர் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவர். நிஜ ரயிலிலும் இதே பாசம்தான். 1951ல் வேல்ஸின் டாலிலின் பாதையைத் தன்னார்வலர்களே எடுத்து நடத்தத் தொடங்கினார்கள், உலகத்தில் அப்படி நடந்தது அதுவே முதல் முறை. 2008ல் டார்லிங்டனில் டொர்னேடோ என்ற புத்தம் புது நீராவி என்ஜினையே செய்து முடித்துவிட்டார்கள்.

ஜப்பானிய மாதிரி ரயிலில் முக்கியம் முழு வண்டி. புதிய வண்டி ஒன்று நிஜத்தில் ஓடத் தொடங்கிக் கொஞ்ச காலத்திலேயே அதன் மாதிரி கடைக்கு வந்துவிடும். முதல் செட்டில் சில பெட்டிகள், கூடுதல் செட்டில் மீதி. புத்தக அலமாரியில் நிறுத்திவைக்கும் வடிவத்தில் உறை. எந்தப் பெட்டி எத்தனையாவது, எதில் மின் ஏற்பிக் கம்பி, எதில் சிறப்பு வகுப்பு என்பது நிஜ வரிசையிலேயே இருக்க வேண்டும். வண்டி எண்ணை ஒட்டும் எழுத்துத்தாள் கூடவே வரும், தனக்குப் பிடித்த வண்டியின் எண்ணைத் தானே ஒட்டிக்கொள்ளலாம். 16 பெட்டி டோக்காய்தோ ஷின்கன்சென் நிஜத்தில் 400 மீட்டர், என் கேஜில் இரண்டரை மீட்டர். டபுள்-ஓ அளவில் அப்படி ஒன்றை வைத்திருக்க ஒரு கூடமே வேண்டும், பெரும்பாலான பிரிட்டிஷ் வீடுகளிலும் அதற்கு இடம் இருக்காது.

வீடு சின்னது என்றால் தண்டவாளத்தை எங்கே போடுவது? பலர் தாத்தாமி விரிப்பின்மேல் இணைப்புத் தண்டவாளத்தைக் கோத்து, ஓட்டிப் பார்த்துவிட்டுக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிடுவார்கள். இல்லையென்றால் வாடகை லேஅவுட் இருக்கிறது. கடைக்காரர் பெரிய நகரம், மலை, பல தடப் பாதை எல்லாம் அமைத்துவைத்திருப்பார். மணிக்கணக்கில் கட்டணம் கொடுத்து, உறையிலிருந்து சொந்த ரயிலை எடுத்து ஓட்டலாம். நிலக்காட்சி கடைக்காரருடையது, ரயில் என்னுடையது. பிரிட்டிஷ் ஆட்களிடம் இதைச் சொன்னால் விசித்திரமாகப் பார்ப்பார்கள், ஏனென்றால் அவர்களுக்கு நிலக்காட்சிதான் முக்கியம். எனக்கு இந்த ஏற்பாடு மிகவும் பிடித்திருக்கிறது. பலகை அடிக்கத் தெரியாதவர், வாடகை வீட்டில் இருப்பவர், வீட்டில் ஒரு மூலைகூடக் கிடைக்காதவர் எல்லோருக்கும் முழு நீள ரயில் ஓட்டும் சந்தோஷம் கிடைத்துவிடுகிறது.

நம் நாட்டு ரயிலை மாதிரியாகச் செய்ய நினைப்பவருக்கும் இந்தக் கணக்கு உதவும். நம்முடைய பிராட் கேஜ் 1,676 மி.மீ. அதை ஹெச்-ஓ அளவில் சுருக்கினால் 19.3 மி.மீ. வேண்டும், கடையில் கிடைப்பது 16.5. பிரிட்டிஷ்காரர்களைப் போல நாமும் குறுகிய தண்டவாளத்தில்தான் ஓட்டியாக வேண்டும். பழைய மீட்டர் கேஜ் என்றால் அதே அளவில் 11.5 மி.மீ. வரும், அதற்கு 12 மி.மீ. தண்டவாளம் கிட்டத்தட்ட சரியாகப் பொருந்தும். எழும்பூரிலிருந்து தெற்கே ஓடிய மீட்டர் கேஜ் வண்டிகளை மறக்க முடியாதவர்களுக்கு இது நல்ல செய்தி.

இரண்டு நாடுகளும் மறுபடி சந்தித்தது 2009ல். கென்ட் பகுதியிலிருந்து லண்டனுக்கு அதிவேகப் பாதையில் ஓட, ஹிட்டாச்சி தன் கசாடோ தொழிற்சாலையில் செய்த வகுப்பு 395 ரயில்கள் சேவைக்கு வந்தன. மணிக்கு 225 கி.மீ. 1870களில் கப்பல்கள் போன திசைக்கு நேரெதிராக இந்தக் கப்பல்கள் வந்தன. ஷின்கன்சென்னை அப்படியே அனுப்பியிருந்தால் பிரிட்டிஷ் பாதையில் நுழைந்திருக்காது. ஆனால் ஜப்பானுக்கு ஒல்லி ரயிலும் தெரியும். 1992ல் யாமாகதா பாதையில், பழைய குறும்பாதையின் தண்டவாளத்தை மட்டும் 1,435க்கு அகலப்படுத்தி, சுரங்கங்களையும் பாலங்களையும் தொடாமல் விட்டு, அதற்குள் அடங்கும் உடம்போடு மினி ஷின்கன்சென் ஓட்டினார்கள். 1,435ல் நின்றுகொண்டு பழைய சுரங்கத்துக்கு அடங்கிப்போகும் ரயில், அதாவது ஜப்பானியர் செய்த ஒரு பிரிட்டிஷ் பாணி ரயில். பெரிய பிளாட்பாரத்தில் நிற்கும்போது இடைவெளியை மூட அதற்குக் கதவடியில் ஒரு மடக்குப் படி நீளும்.

அடுத்து வந்தது வகுப்பு 800. மின்கம்பி இருக்கும் இடத்தில் மின்சாரத்திலும், இல்லாத இடத்தில் டீசலிலும் ஓடும். 1976லிருந்து நாட்டைத் தாங்கிய இன்டர்சிட்டி 125 வண்டிகளின் இடத்தைப் பிடிக்க வந்த ரயில், 2017 அக்டோபரில் பிரிஸ்டலிலிருந்து லண்டனுக்கு முதல் ஓட்டம். கென்னத் கிரேஞ்ச் வடிவமைத்த பழைய 125இன் முகத்துக்கு ஈடாக இதை என்னால் நேசிக்க முடியவில்லை. ஆனால் இவற்றில் பெரும்பாலானவற்றைச் செய்த நியூட்டன் எய்க்ளிஃப் தொழிற்சாலை இருக்கும் இடம் முக்கியமானது. 2015ல் திறந்த அந்த ஆலைக்குப் பக்கத்தில்தான், ஹெய்ங்டனில், 1825ல் ஸ்டாக்டன்–டார்லிங்டன் பாதையின் லோகோமோஷன் என்ஜினை முதல் முறையாகத் தண்டவாளத்தில் இறக்கினார்கள்.

வகுப்பு 800ஐ என் கேஜில் செய்தது யார் தெரியுமா? ஜப்பானின் கட்டோ. பிரிட்டிஷ் என் கேஜின் அளவு 148ல் ஒரு பங்கு, அங்கேயும் மோட்டார் இடப் பிரச்சினையால் உடம்பைக் கொஞ்சம் பெருக்கியது. எனவே கட்டோவின் ஒரே 9 மி.மீ. தண்டவாளத்தில் இப்போது 148, 150, 160 என்று மூன்று அளவு ரயில்கள் ஓடுகின்றன. இரண்டு நாட்டு ரயில்களையும் சேர்த்து வைக்க விரும்புபவருக்கு என் யோசனை: பிரிட்டிஷ் ரயிலை ஜப்பானியக் குறும்பாதை ரயிலோடு நிறுத்துங்கள். 148க்கும் 150க்கும் வித்தியாசம் ஒரு சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல், கண்ணுக்குத் தெரியாது. அப்படி நிறுத்தினால் வகுப்பு 800 சுமார் 18.2 மி.மீ. அகலமும் டோக்கியோவின் இ233 சுமார் 19.7 மி.மீ. அகலமும் இருக்கும். அந்த ஒன்றரை மில்லிமீட்டர் வித்தியாசம் நிஜமானது. ஷின்கன்செனை மட்டும் கொஞ்சம் தள்ளி, வேறு தடத்தில் ஓட்டுங்கள். 160ல் ஒரு பங்கு என்பதால் அது 21 மி.மீ.க்குச் சுருங்கிவிடுகிறது, பக்கத்தில் நின்றால் நிஜத்தில் எவ்வளவு பெரிய வண்டி என்பது தெரியாமல் போய்விடும்.